காணாமல்போன சிவப்புக் கொடிகள்

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த அன்று, கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு கட்டிலில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் கிடந்தேன். அப்போதுதான் அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டேன். ஒரு பெண் குரல். ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள்.

"வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் இயங்குகிறது."

"சரிம்மா" என்றார் அப்பா.

உடனே வாசலைத் தாண்டி ஏதோ ஓடும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டு நாய், செம்மண் நிறத்து நாட்டு நாய், காதை மடக்கிக்கொண்டு வரப்பின்மேல் பறந்துகொண்டிருந்தது. யார் அந்தப் பெண், அப்பா ஏன் அவளுக்கு இவ்வளவு மரியாதையாகப் பதில் சொல்கிறார், நாய் ஏன் ஓடுகிறது என்று எதுவும் எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. மறுபடி தூங்கிப்போனேன். அந்த மாதங்களில் எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. உலகம் சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருப்பது மாதிரி.

விழித்த பிறகு அம்மாதான் சொன்னாள். போர்வெல் மோட்டாருக்கு அப்பா ஒரு பெட்டி வாங்கி மாட்டியிருக்கிறார். கூத்தாநல்லூரில் மோட்டார் கடை வைத்திருக்கும் பாய் வந்து பொருத்திக் கொடுத்தாராம். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது; அதற்குச் சிக்னல் கிடைத்தால்தான் பெட்டி வேலை செய்யும். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும், அப்பாவின் போனுக்கு அந்தப் பெண் கூப்பிட்டுத் தகவல் சொல்வாள். நிறுத்த வேண்டுமானால் இங்கிருந்தே போன் போட்டு ஓர் எண்ணை அழுத்தினால் போதும். முன்பெல்லாம் விவசாயத்துக்கான கரண்ட் எப்போது வரும் என்று தெரியாமல் அப்பா கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். இப்போது மோட்டார் கொட்டகைப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை.

"அவ கூப்பிட்டா மட்டும் ஒரே மணியில எடுத்துடுவாரு. நான் கூப்பிட்டா காது கேக்காது" என்றாள் அம்மா.

அப்பாவிடம் இருந்தது பழைய பட்டன் போன். அவர் விரல்கள் மண்வெட்டிக்கு வாகானவை. ஒன்றை அழுத்தப் போனால் நான்கும் சேர்ந்து அமுங்கும். "நீங்கள் தவறான எண்ணை அழுத்தியுள்ளீர்கள்" என்று அந்தப் பெண் கோபமே இல்லாமல் சொல்வாள். "இரும்மா, இரும்மா" என்று அப்பா பதறுவார். அது பதிவு செய்த குரல், பேசினால் கேட்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "தெரியும். அதுக்காகப் பதில் சொல்லாம இருக்க முடியுமா?" என்றார்.

நாய்க்கும் அவள் குரல் பழகிவிட்டிருந்தது. அவள் பேசினால் போர்வெல் குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டும் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. 'வணக்கம்' என்ற சொல் முடிவதற்குள் எழுந்துவிடும். அப்பா கொல்லைக்குப் போய்ச் சேரும்போது அது தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் எவரோ வணக்கம் சொல்ல, அங்கிருந்து எழுந்து ஓட ஆரம்பித்ததாக அப்பா சொல்வார். அதை மட்டும் நான் நம்பவில்லை.

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அதனால் ஊரில் மின்சாரத்தில் ஓடுகிற, பேட்டரியில் எரிகிற எல்லாவற்றுக்கும் நான்தான் வைத்தியர் என்று முடிவுசெய்திருந்தார்கள். பக்கத்து வீட்டு டிவி ரிமோட்டை எடுத்து வருவார்கள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்ஸியைத் தூக்கி வருவார்கள். "கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, இது தெரியாதா?" என்பார்கள். எனக்குத் தெரியாது. வாங்கிவைத்துக்கொண்டு, ஒருமுறை கழற்றி மாட்டி, திருப்பிக் கொடுப்பேன். சிலது அதிலேயே சரியாகிவிடும். என் புகழ் அப்படி வளர்ந்தது.

என்னாலேயே தீர்க்க முடியாதது என் சொந்த போன். அப்பாவின் பட்டன் போனுக்குக் கிடைக்கிற சிக்னல் வீட்டுக்குள் எனக்குக் கிடையாது. கொல்லைக்குப் போகிற வழியில் வாய்க்கால் மதகின் சிமெண்ட் கட்டைமேல், கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் மட்டும் கிடைக்கும். என் கணவர் அப்போது மஸ்கட்டில் இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவார். நான் குடையும் போனுமாக மதகில் போய் உட்காருவேன். நாய் என் காலடியில் படுத்துக்கொள்ளும். அவர் முகம் வரும். "சாப்பிட்டியா" என்று கேட்பதற்குள் உறைந்துவிடும். பாதி திறந்த வாயோடு, பாதி மூடிய கண்ணோடு, ஏதோ பெரிய உண்மையைச் சொல்ல வந்து மறந்துபோனவர் மாதிரி அப்படியே நிற்பார். நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். சுற்றிலும் குறுவை நடவு முடிந்த வயல்கள். வெயில் தண்ணீரில் பட்டுத் திரும்பி வாகை மரத்தின் அடிப்பக்க இலைகளில் நெளியும். சில நாள் அவர் மறுபடி அசைவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன்.

அவர் வாங்கி அனுப்பிய கம்பியில்லாத இயர்போன் ஒன்று என்னிடம் இருந்தது. மொச்சைக்கொட்டை அளவு. ஒருநாள் பேச்சுக்கு நடுவே அது காதிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. எடுப்பதற்குள் நாய் கவ்விக்கொண்டது. "விடு, விடு" என்று நான் கத்த, அது விளையாட்டு என்று எண்ணி வாய்க்கால் விளிம்புக்கு ஓடி, அங்கே நின்று என்னைப் பார்த்து, வாயைத் திறந்தது. சின்னச் சத்தம். அவ்வளவுதான். போன் திரையில் மட்டும் கொஞ்ச நேரத்துக்கு 'இணைக்கப்பட்டுள்ளது' என்று காட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில், கெண்டைக் குஞ்சுகளுக்கு நடுவில், என் கணவர் "ஹலோ, ஹலோ, கேக்குதா" என்று கேட்டுக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. அந்த மாதங்களில் இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன.

எனக்குச் சாப்பாடு பிடிக்காமல் போயிருந்த காலம் அது. அம்மா மீன் குழம்பு வைப்பாள், இட்லி ஊற்றுவாள், முருங்கைக்கீரை வதக்குவாள். இரண்டு வாய்க்குமேல் இறங்காது. மீதியெல்லாம் நாய்க்குப் போகும். அதன் விலா எலும்புகள் மறைந்து உடம்பு உருண்டது. "பாரு, உனக்கு வெக்கிற சோறு யாரு ஒடம்புல ஒட்டுதுன்னு" என்று அப்பா சொல்வார். அம்மா மட்டும் ஒரு தடவை நாயை உற்றுப் பார்த்துவிட்டு, "இது சோத்துச் சதை இல்லீங்க" என்றாள். நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

ஆடி பிறந்த பிறகு கொடிகள் வந்தன.

காலையில் இரண்டு வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மூன்று காலில் நிற்கும் கருவி ஒன்றைச் சாலையோரம் நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு மூங்கில் சிம்புகளில் சிவப்புத் துணி கட்டிய சின்னச் சின்னக் கொடிகளை வயலுக்குள் வரிசையாக நட்டுக்கொண்டே போனார்கள். பூமிக்கடியிலிருந்து எரிவாயு எடுக்கப் போகிறார்கள், அதற்குக் குழாய் போடுவதற்கான தடம் அது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் பகுதியில் கொஞ்ச நாளாகவே அந்தப் பேச்சு இருந்தது. ஏற்கெனவே சில ஊர்களில் போராட்டமும் கைதும் நடந்திருந்தன. அந்த வரிசை எங்கள் ஆறு மா நிலத்தை, அந்த இரண்டு ஏக்கரை, நடுவாகப் பிளந்துகொண்டு போனது. தூர் கட்டத் தொடங்கியிருந்த பச்சைப் பயிருக்கு நடுவே அந்தச் சிவப்பு, தூரத்திலிருந்து பார்க்க அழகாகக்கூட இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலத்தில் என் தாத்தா மிராசுதாருக்குக் கூலியாக இறங்கியவர். அப்பாவும் சின்ன வயதில் அதே சேற்றில் பண்ணையாளாக நின்றவர். மிராசுதார் குடும்பம் விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனபோது, மாட்டை விற்று, அம்மாவின் தோட்டை விற்று அதை வாங்கினார்.

ஊர் கொதித்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கீற்றுப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள்தான் அதிகம். அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டுப் போய் உட்காருவாள். கொடிகளைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அப்பா எழுந்து நின்று, "யாரும் கைவைக்கக் கூடாது. நாம வேணாம்னு சொல்றது நேரா, மூஞ்சியப் பாத்துச் சொல்றதா இருக்கணும். ராத்திரியோட ராத்திரியாப் பிடுங்கினா நம்மளத் திருடன்னுதான் சொல்லுவாங்க" என்றாராம். அம்மா வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஆனால் கொடிகள் காணாமல்போயின. எல்லாம் ஒரே நாளில் அல்ல. இன்று ஒன்று, நாளை இரண்டு என்று. அதிலும் எங்கள் வயலில் மட்டும். அளவெடுக்கிற ஆட்கள் வந்து மறுபடி நட்டார்கள். மறுபடி காணோம். கிராம நிர்வாக அலுவலர் வந்து அப்பாவை விசாரித்துவிட்டுப் போனார். பிறகு எஸ்.ஐ. வந்தார். முப்பது வயதிருக்கும். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்றார்.

"பெரியவரே, மரியாதையாச் சொல்றேன். யாரு எடுக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதுங்க."

"உங்க வயல்ல நட்டது மட்டும் காணாமப் போகுது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுன்னா தெரியாதுதாங்க. எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லுவேன்."

அரசுப் பணிக்கு இடைஞ்சல் செய்ததாக வழக்குப் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு எஸ்.ஐ. போனார். நாய் அவர் பூட்ஸை முகர்ந்து பார்த்துவிட்டு, வேப்பமர நிழலிலேயே பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

போலீஸைவிட ஊர்தான் அப்பாவை அதிகம் வருத்தியது. டீக்கடையில் கண்ணடித்தார்கள். "பந்தல்ல ஒண்ணு பேசுறது, வயல்ல ஒண்ணு செய்யிறது. அண்ணன் கெட்டிக்காரரு" என்று தோளில் தட்டினார்கள். அவர் மறுக்க மறுக்க அவர்களுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காருவார். "பொய் சொல்றவனைக்கூட நம்புறாங்க. நான் சொல்ற நெசத்த நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார் ஒருநாள்.

இந்த நேரத்தில் அந்தப் பெண்ணும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

முதல் நாள் கரண்ட் வரவில்லை என்று எண்ணிக்கொண்டோம். மறுநாள் பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடுகிறது, எங்களுக்கு மட்டும் தகவலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆடி வெயில் பயிரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. நான் மதகுக்குப் போய் மோட்டாருக்குப் போன் போட்டேன். அப்பா பக்கத்தில் நின்றார். "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்று வேறொரு பெண் சொன்னாள்.

"வெளிய உள்ளாரா? மோட்டார் எங்க போகும், அங்கதானே நிக்குது!" என்றார் அப்பா.

கூத்தாநல்லூர் பாய்க்குப் போட்டோம். "அண்ணே, பொட்டியத் தொறந்து சிம்மைக் கழட்டி, நல்லா ஊதிட்டுப் போடுங்க. அதுக்கும் சரியா வரலைன்னா நான் நாளைக்கு வர்றேன். வீட்டுலதான் கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு இருக்கே, பாக்கச் சொல்லுங்க" என்றார்.

அதனால் நானும் போனேன். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அப்பா முன்னால் நடக்க, அவர் தோள் துண்டின் நுனியைப் பிடித்தபடி வரப்பில் மெல்ல நடந்தேன். காலையிலிருந்து நாயைக் காணவில்லை என்பது வழியில்தான் ஞாபகம் வந்தது. வயலில் எங்கள் பகுதியில் ஒரு கொடிகூட மிச்சமில்லை. சிம்பு நட்டிருந்த இடங்களில் தண்ணீர் நின்று சிறு குழிகளாகத் தெரிந்தது.

மோட்டார் கொட்டகை என்பது ஆள் குனிந்து நுழையும் அளவு செங்கல் அறை. தகரக் கதவு. அடியில் துருப்பிடித்து ஒரு பக்கம் பிய்ந்து மேலே மடங்கியிருந்தது. பெட்டி வந்த பிறகு அந்தக் கதவை யாரும் திறந்ததே இல்லை. அப்பா கொண்டியை இழுத்தார். உள்ளே இருட்டு. கிரீஸ் வாசனை, அதோடு வேறொரு வாசனை, பால் திரிந்த மாதிரி. பிறகு ஓர் உறுமல்.

"பாம்பா?" என்றேன்.

"பாம்பு எங்கடி உறுமும்? வெளிச்சம் போடு."

போன் டார்ச்சை அடித்தேன். மூலையில் எங்கள் நாய் பக்கவாட்டில் படுத்திருந்தது. கண்கள் பச்சையாக எரிந்தன. எங்களை அடையாளம் தெரிந்ததும் உறுமல் நின்று, வால் மட்டும் தரையில் மெதுவாகத் தட்டியது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டிகள். கண் திறக்காத, ஈரமான, எலியைவிடச் சற்றே பெரிய குட்டிகள். அவை கிடந்த படுக்கை முழுவதும் சிவப்பு. காணாமல்போன கொடிகள் எல்லாம் அங்கே இருந்தன. துணியைக் கிழித்துக் குவித்து, நடுவில் குழியாக்கி, மெத்தை செய்திருந்தது. மூங்கில் சிம்புகள் கடிபட்டு ஓரமாகக் கிடந்தன. அந்தப் பெட்டிக்குச் சிக்னல் வாங்கும் ஏரியல் கம்பியும் பாதியில் அறுந்து, பல் பதிந்த முனையோடு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெளிச்சத்தைத் தாழ்த்தினேன். ஒரு குட்டி வழி தவறி, சிவப்புத் துணியின்மேல் தலையை ஆட்டி ஆட்டித் தேடியது. நாய் மூக்கால் அதைத் தள்ளி உள்ளே சேர்த்துக்கொண்டது. அந்த நேரம் என் வயிற்றுக்குள்ளும் ஒரு புரளல். எந்த அசைவு வெளியே, எந்த அசைவு உள்ளே என்று பிரித்தறிய முடியாமல் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அந்த இருட்டை நினைத்தால் அது ஒரு சின்ன அறையாக நினைவில் இல்லை. எவ்வளவு தூரம் போனாலும் முடியாத ஓர் இடமாகத்தான் இருக்கிறது.

அப்பா வெளியே போய் வரப்பில் உட்கார்ந்தார். முதலில் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த ஆடியில் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"இத எப்படி நான் வெளிய சொல்றது?" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா ஆச்சரியப்படவே இல்லை. "சோத்துச் சதை இல்லைன்னு அன்னைக்கே சொன்னேன். இந்த வீட்டுல என் பேச்ச யாரு கேக்குறா" என்று சொல்லிவிட்டு, நாய்க்குக் கஞ்சி வைக்க அடுப்பை மூட்டினாள்.

அப்பாதான் முடிவெடுத்தார். மறுநாள் காலையில் அவரே கிராம நிர்வாக அலுவலரிடம் போய், எஸ்.ஐ.யையும் அளவெடுக்கிற ஆட்களையும் அழைத்துவரச் சொன்னார். எல்லோரும் வந்தார்கள். விஷயம் எப்படியோ கசிந்து, பந்தலில் இருந்த பெண்கள் பாதிப்பேரும் வரப்பில் வரிசையாக வந்து நின்றார்கள். அப்பா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினார்.

"எல்லாம் உள்ள இருக்குதுங்க. எண்ணி எடுத்துக்குங்க."

அளவெடுக்கும் ஆள் குனிந்து கையை நீட்டினார். நாய் பல்லைக் காட்டியது. அவர் கையை இழுத்துக்கொண்டார். எஸ்.ஐ. குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் போலீஸ்காரர் இல்லை.

"எப்பப் போட்டுச்சு?"

"நேத்துக் காலையில போட்டிருக்கும்னு வீட்டுல சொல்றாங்க."

"எடுங்க சார், நான் திரும்பவும் நடணும்" என்றார் அளவெடுக்கும் ஆள்.

"நீங்களே எடுங்க" என்றார் எஸ்.ஐ.

யாரும் எடுக்கவில்லை. வரப்பில் நின்ற பெண்களில் ஒருத்தி, "ஏன் சார், இது மேலயும் கேசு போடுவீங்களா?" என்று கேட்டாள். சிரிப்பு வயல் முழுக்கப் பரவியது. எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கதவச் சாத்துங்க, வெயில் அடிக்குது" என்று மட்டும் சொன்னார்.

யாரோ இதையெல்லாம் போனில் படம் பிடித்திருந்தார்கள். நான் மதகில் போய் உட்கார்ந்து கணவரிடம் சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ முயன்றும் அழைப்பு போகவில்லை. கடைசியில் அவரே கூப்பிட்டார். "ஏய், கொடியத் தூக்கிட்டுப் போனது நம்ம நாயா? இங்க எங்க கேம்ப்ல எல்லாரும் பாத்துட்டாங்க!" என் குரல் போக முடியாத தூரத்துக்கு எங்கள் நாய் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்பாவுக்கு இது ஒன்றும் சந்தோஷமாக இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நாய்க்கு மாலை போட்டு, குட்டிகளோடு பந்தலுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டார்கள். அப்பா வாசலை மறித்து நின்றார்.

"பிள்ளை பெத்தவ. விடுங்க, போங்க."

அன்று சாயங்காலம் அவரும் அம்மாவும் பின்கட்டில் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "எங்கப்பா காலத்துல கூலி கேட்டு இதே வயல்ல செவப்புக் கொடிய நட்டவங்க நாங்க. பண்ணை ஆளுங்க வந்து பிடுங்கி மிதிச்சாங்க. அப்ப எனக்கு என்ன வயசிருக்கும்... அன்னைக்கு எங்கப்பா அழுதாரு. அதே எடத்துல இவனுங்க அதே நெறத்துல நட்டுட்டுப் போனப்ப எனக்கு என்னன்னு சொல்லத் தெரியல. பிடுங்கணும்னு கை அரிச்சிச்சு. ஆனா கொடியப் பிடுங்குறவனா நான் இருக்க மாட்டேன்னு நெனைச்சேன். இப்பப் பாரு, எல்லாம் சிரிப்பாப் போச்சு."

அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சிரிக்கட்டுமே. பந்தல்ல உக்காந்து எல்லாருக்கும் முகமெல்லாம் கறுத்துப் போச்சு. இன்னைக்குத்தான் சிரிச்சாங்க. நாளைக்கு இன்னும் நாலு பேரு வருவாங்க பாருங்க" என்றாள்.

வந்தார்கள். நாய் வீடியோவைப் பார்த்து வந்தவர்கள் வயலையும் பார்த்தார்கள். பந்தலைப் பின்பக்கமாக நீட்டிப் போட வேண்டியிருந்தது. அளவெடுக்கிற ஆட்கள் மறுபடி வருவதாகச் சொன்னார்கள். வரவில்லை. வருவார்கள் என்று அப்பா தினமும் காலையில் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இனிமேல் குழாய் வராது என்று அறிவிப்பு வந்தது வெகுகாலம் கழித்து. அப்போதும் அவர் நம்பவில்லை. "எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

பாய் வந்து புதுக் கம்பி போட்டார். கொட்டகைக்குள் நாய் இருந்ததால், பெட்டியைக் கழற்றி வெளியே தென்னை மரத்தில் உயரமாகக் கட்டினார். "அண்ணே, எலி கடிச்சுப் பாத்திருக்கேன், அணில் கடிச்சுப் பாத்திருக்கேன். பிரசவத்துக்குக் கடிச்சு இப்பத்தான் பாக்குறேன்" என்றார். குறுவை தப்பியது.

புரட்டாசியில் எனக்கு மகள் பிறந்தாள். திருவாரூர் ஆஸ்பத்திரியில், மழை தொடங்கிய ஒரு மத்தியானம். அப்பா அறுப்புக் களத்திலிருந்து நேராக வந்திருந்தார். குழந்தையைக் கையில் வாங்கப் பயந்து, முழங்கையில் ஒட்டியிருந்த நெல்தூசியை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டே நின்றார். வயிற்றில் கனம் இறங்கிய பிறகும் அந்த மிதப்பு என்னைவிட்டு உடனே போகவில்லை. வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் படுத்தால் குழந்தையின் மூச்சும் மழையும் ஒன்றாகக் கேட்கும்.

குட்டிகளை ஒவ்வொன்றாக ஊரில் கேட்டு வாங்கிப் போனார்கள். கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது, நெற்றியில் வெள்ளை விழுந்தது. மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுங்கியும் சட்டையுமாக ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிறுத்தினார். எஸ்.ஐ. என்று அடையாளம் தெரியவே எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"குட்டி ஏதாவது இருக்குங்களா? வீட்டுல பசங்க வீடியோவப் பாத்துட்டு அதே நாய்க்குட்டிதான் வேணும்னு அழுவுறாங்க" என்றார், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

அப்பா ஒரு கணம் யோசித்தார். உள்ளே போய்க் குட்டியைத் தூக்கிவந்து அவர் கையில் வைத்தார். எஸ்.ஐ. அதைச் சட்டைக்குள் விட்டு ஒரு பொத்தானைப் போட்டுக்கொண்டார். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"இப்ப சோறு வெக்காதீங்க தம்பி. பால்ல தண்ணி கலந்து குடுங்க. ராத்திரி அழுதா ஒரு பழைய துணியப் போட்டு விடுங்க, அடங்கிடும்" என்றாள் அம்மா.

"சரிங்கம்மா."

வண்டி கிளம்பியது. தாய் நாய் எழுந்து பின்னாலேயே போனது. குரைக்கவில்லை, வேகமாகவும் ஓடவில்லை. சாலை திரும்பும் இடம் வரை போய் நின்றது. அவரும் அங்கே வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். குழந்தையைத் தோளில் போட்டபடி நான் வாசலில் நின்றிருந்தேன். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே நின்றது. அப்புறம் சாலையோரத்தில் தேங்கிய மழைத்தண்ணீரை நக்கிக் குடித்துவிட்டு, அவசரமில்லாமல் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.